வரப்பு ஓணான் தலையாட்டினால் என்ன அர்த்தம்?

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டிலிருந்து பிரியும் வெள்ளாறு ராஜன் வாய்க்கால் கரையிலோ, சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டி போகும் பாதையிலோ காலை 9 மணிக்கு நடந்து பாருங்கள். கிளுவை வேலி, பூவரசு மரம், பம்பு செட் சுவர் என்று எங்காவது ஓர் ஓணான் முன்னங்கால்களை ஊன்றி எழுந்து, தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும். தினமும் பார்ப்பதாலேயே நாம் அதைக் கவனிப்பதில்லை. மாடு காதைத் தொங்கப் போட்டால் காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்கிறோம். ஆடு அசை போடாவிட்டால் வயிறு உப்பசமா என்று பார்க்கிறோம். வயலிலேயே பிறந்து வயலிலேயே சாகும் ஓணான் என்ன சொல்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இப்போது கேட்க ஒரு காரணம் வந்திருக்கிறது. கைபேசியில் படம் பார்க்கும் பிள்ளைகள், 'பியர்டட் டிராகன்' என்னும் தாடி ஓணானை வாங்கித் தரச் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியைச் சேர்ந்தது அது. கோபம் வந்தால் தாடையின் கீழ் உள்ள முள் தோலை உப்பி, தாடி போலக் கறுக்க வைக்கும். அதனால் அந்தப் பெயர். கண்ணாடித் தொட்டிக்குள் அது தலையாட்டினால் என்ன அர்த்தம், வாயைத் திறந்தால் என்ன அர்த்தம் என்று வளர்ப்பவர்கள் அக்கறையோடு படித்துத் தெரிந்துகொள்கிறார்கள். அந்தத் தாடி ஓணானும் நம் வேலி ஓணானும் ஒரே குடும்பம். விலங்கியலார் 'அகாமிடே' என்று சொல்லும் குடும்பம் அது. மொழியும் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே காசு கொடுத்துப் படிக்கும் பாடம் இங்கே வரப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் படித்துக்கொண்டால் மருந்தடிக்கும் முன்பும், வரப்பு வெட்டும் முன்பும் உங்களுக்குப் பயன்படும்.

தலையாட்டல்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஓணான் உங்களைப் பார்த்துக் கேலி செய்யவில்லை. 'ஆமாம்' என்று சொல்வதும் இல்லை. தலையாட்டுவது பெரும்பாலும் ஆண். கன்னம் இரண்டும் உப்பி, பிடரியில் முள் வரிசை எழும்பி, தலை பெரிதாகத் தெரிந்தால் அது ஆண் என்று கொள்ளலாம். வேலியில் உயரமான கம்பமாகப் பார்த்து ஏறி உட்காரும். முன்னங்கால்களை மடக்கி நீட்டி, தண்டால் எடுப்பதுபோல உடம்பை உயர்த்தித் தாழ்த்தும். "இந்த வேலி என்னுடையது" என்று மற்ற ஆண்களுக்குச் சொல்கிற சேதி அது. பெண் பக்கத்தில் இருந்தால் அவளை அழைக்கும் சேதியும் அதுவே.

எதிரில் இன்னோர் ஆண் வந்தால் வேகம் கூடும். தொண்டைப் பையைக் கீழே தள்ளி, உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, தன்னைப் பெரிதாகக் காட்டும். பல நேரம் சண்டை இதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் தாடையைத் தாடையால் கவ்விப் புரளும். தோற்றதைக் கண்டுபிடிப்பது எளிது. அதன் சிவப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கி, மண் நிறமாகி, தலையைத் தாழ்த்திக்கொண்டு இறங்கிப் போகும். தாடி ஓணான் இந்த இடத்தில் இன்னொன்று செய்யும். ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாகச் சுழற்றும். கை காட்டிக் கூப்பிடுகிறது என்று பிள்ளைகள் மகிழ்வார்கள். அதன் பொருள் 'நான் சின்னவன், அடிக்காதே' என்பது.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது? நூறடி வேலியில் மூன்று இடத்தில் மூன்று ஆண்கள் நின்று தலையாட்டினால், அங்கே எல்லை பிரித்துச் சண்டை போடும் அளவுக்கு இரை இருக்கிறது; பெண்களும் இருக்கின்றன; முட்டைக் காலம் தொடங்கிவிட்டது. போன வருடம் வரை தலையாட்டல் இருந்த வேலி இந்த வருடம் வெறிச்சோடி இருந்தால், ஏதோ நடந்திருக்கிறது. அது என்ன என்று தேடுவது உங்கள் வேலை.

சிவப்புக் கழுத்தும் பழைய பழியும்

ஓணானின் கழுத்து சிவந்தால் மனித ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று நம் பக்கத்தில் இன்றும் சொல்பவர்கள் உண்டு. வெள்ளைக்காரர்களும் அதற்கு 'ரத்தம் உறிஞ்சி' என்றே பெயர் வைத்தார்கள். அது ரத்தம் குடிப்பதே இல்லை. அதற்கான வாயமைப்பும் கிடையாது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலை, தொண்டை, தோள் செந்நிறமாகும். தொண்டையின் இரு பக்கமும் கறுப்புத் திட்டு விழும். தோலுக்குள் இருக்கும் நிறமிச் செல்கள் செய்யும் வேலை இது. ஒளிவதற்காக நிறம் மாற்றுகிறது என்பதும் பாதி உண்மைதான். அது நிறம் மாறுவது பெரும்பாலும் மனநிலைக்கும் வெயிலுக்கும் ஏற்பத்தான். இதன் அறிவியல் பெயரான 'கலோட்டஸ் வெர்சிகலர்' என்பதில் பின்பாதி 'நிறம் மாறும்' என்று பொருள்படும். 1802-ல் வைத்த பெயர். தெற்காசியா முழுக்க ஒரே இனம் என்று நினைத்திருந்ததை, 2021-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று பல இனங்களாகப் பிரித்தது. பழைய பெயர் நம் தென்னிந்திய ஓணானுக்கே நிலைத்தது.

இன்னொரு பழியும் இருக்கிறது. ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் கொடுத்ததாம். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்தார்கள், கல்லால் அடித்தார்கள். அந்த விளையாட்டு இப்போது குறைந்திருக்கிறது. ஓணானும் குறைந்திருக்கிறது என்பதால் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பச்சோந்தியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பச்சோந்தியின் கண்கள் கூம்பாகத் துருத்தி, தனித்தனியே சுழலும். நாக்கை நீளமாக வீசிப் பூச்சி பிடிக்கும். நடை மெதுவாக இருக்கும். அது சட்டப் பாதுகாப்பு பெற்ற வன உயிர். பிடிக்கக் கூடாது. கடலோர மணற்பாங்கான நிலங்களில் தொண்டையில் விசிறி மடித்து வைத்ததுபோல ஒரு சின்ன ஓணானைப் பார்த்திருப்பீர்கள். அது விசிறித் தொண்டை ஓணான். பின்னங்காலில் நான்கே விரல் இருக்கும். அதன் அறிவியல் பெயரில் நம் பக்கத்துப் புதுச்சேரியே இருக்கிறது: 'சிட்டானா பாண்டிசெரியானா'. 1829-ல் பிரெஞ்சு விலங்கியலார் குவியே வைத்தது.

வெயில் சொல்லும் சேதி

ஓணானுக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். காலையில் கறுத்த நிறத்தில், வெயிலுக்குப் பக்கவாட்டைக் காட்டி, உடம்பை அகலமாக்கி உட்கார்ந்திருக்கும். கறுப்பு சூட்டை வேகமாக வாங்கும். சூடு ஏறியதும் நிறம் வெளுக்கும், இரை தேடப் புறப்படும். நடுப்பகலில் நிழலான கிளையில் வாயைத் திறந்தபடி இருந்தால் சண்டைக்கு வருகிறது என்று எண்ண வேண்டாம். கூடுதல் சூட்டை வாய் வழியாக வெளியேற்றுகிறது. ஆனால் நீங்கள் கிட்டே போன பிறகு வாயைப் பிளந்து, உடம்பை உப்பினால் அது மிரட்டல். வாய் திறந்தது நீங்கள் வருவதற்கு முன்பா, வந்த பிறகா என்று பார்த்தால் போதும்.

நீங்கள் மரத்தை நெருங்கினால் அது மறுபக்கம் நகரும். நீங்கள் சுற்றினால் அதுவும் சுற்றும். மரத்தை உங்களுக்கும் தனக்கும் நடுவில் வைத்துக்கொள்வது அதன் தந்திரம். இந்தச் சுறுசுறுப்பு இருந்தால் ஓணான் நலமாக இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் செய்திக்கு இதுதான் அளவுகோல்.

ஓடாத ஓணான்

காலையில் விசைத் தெளிப்பானில் மருந்தடித்தீர்கள். மாலையில் வரப்பில் ஓர் ஓணான் கிடக்கிறது. கிட்டே போகிறீர்கள், ஓடவில்லை. கண் பாதி மூடியிருக்கிறது. பின்னங்காலை இழுக்கிறது, உடம்பில் நடுக்கம். வெயிலைத் தேடவும் இல்லை, நிழலைத் தேடவும் இல்லை. 'வெயிலில் சோர்ந்துவிட்டது' என்று தாண்டிப் போகாதீர்கள். பெரும்பாலும் விஷம்.

விஷம் எப்படி அதற்குப் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஓணான் அசைவதைப் பார்த்தே இரை பிடிக்கும். அசையாமல் கிடக்கும் பூச்சியை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. மருந்து பட்ட புழுவும் வெட்டுக்கிளியும் உடனே சாவதில்லை. கீழே விழுந்து துடிக்கும். அந்தத் துடிப்பு ஓணானுக்கு விருந்துக்கு அழைப்பு. எளிதாகக் கிடைக்கிறதே என்று ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கும். பூச்சி உடம்பில் இருந்த மருந்து மொத்தமும் ஓணான் உடம்புக்கு வரும். ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகை மருந்துகள் நரம்புச் சேதியை நிறுத்தும் நொதியை முடக்குபவை. அதனால்தான் நடுக்கமும் முடக்கமும். மனிதருக்கும் அதே நொதிதான், அதே நடுக்கம்தான். ஓணான் நடுங்கும் வயலில் கையுறையும் முகமூடியும் இல்லாமல் தெளித்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வயலில் அன்று புல்லறுத்து மாட்டுக்குப் போட வேண்டாம்.

ஓணான் இருந்தால் மருந்தே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். வெட்டுக்கிளி, வண்டு, புழு, எறும்பு, அந்துப்பூச்சி என்று அகப்பட்டதை எல்லாம் தின்னும் உயிர் அது. நன்மை செய்யும் பொறிவண்டையும் தின்னும். தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் பெட்டி வாசலில் ஓணான் உட்கார்ந்து தேனீக்களைப் பொறுக்குவதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்கள். அவர்கள் கோபம் நியாயம். கரும்பின் தண்டுக்குள் புகுந்துவிட்ட இளங்குருத்துப்புழுவை ஓணானால் ஒன்றும் செய்ய முடியாது. டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டுவதும் அது முட்டையாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை. ஆனால் வரப்போரத்தில், வேலியோரத்தில், உளுந்தின் மேற்பரப்பில் திரியும் பூச்சிகளைச் சம்பளம் இல்லாமல் நாள் முழுக்கப் பொறுக்குவது ஓணான். செம்போத்து, கீரி, பாம்பு எல்லாம் அதைத் தின்று வாழ்கின்றன. பாம்பு தங்கினால் எலி குறையும். சங்கிலியில் ஒரு கண்ணி அது.

ஆகவே, மருந்தை எடுப்பதற்கு முன் வழக்கமான கணக்கைப் போடுங்கள். நெல்லில் இலை சுருட்டுப் புழு என்றால் பயிர் வளரும் பருவத்தில் பத்து சதவீத இலைச் சேதம், கண்ணாடி இலைப் பருவத்தில் ஐந்து சதவீதம் என்பது பொருளாதார சேத நிலை. அதற்குக் கீழே இருந்தால் பொறுத்திருக்கலாம். தெளித்தே ஆக வேண்டும் என்றால், வேலிக்கும் வாய்க்கால் கரைக்கும் சேர்த்து அடிக்காதீர்கள். பக்கத்தில் இருக்கிறதே என்று தெளிப்பானை வேலிப் பக்கம் திருப்புவது நம்மில் பலருக்குக் கைப்பழக்கம். பயிரில் அடிப்பதைவிட ஓணானுக்குக் கெடுதல் செய்வது அதுதான்.

ராத்திரியில் எண்ணலாம்

உங்கள் வயலில் எத்தனை ஓணான் என்று பகலில் எண்ண முடியாது. மறைந்துகொள்ளும். இரவு 8 மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு வேலியோரம் போங்கள். மெல்லிய கிளை நுனியில், தலை மேலாக, வெளுத்த நிறத்தில் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கும். பாம்போ வேறு எதுவோ ஏறினால் மெல்லிய கிளை ஆடிக் காட்டிக்கொடுக்கும் என்பதால் அங்கே படுக்கிறது. விளக்கொளியில் வெளிறிய உடம்பு பளிச்சென்று தெரியும். ஒரே வேலியை மாதம் ஒரு தடவை, ஒரே நேரத்தில், ஒரே தூரம் எண்ணி நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். பெரியது எத்தனை, சிறியது எத்தனை என்று தனியாக எழுதுங்கள். சிறியதே கண்ணில் படவில்லை என்றால் முட்டை பொரியவில்லை என்று பொருள். மழைநாளில் போக வேண்டாம். முழங்கால் வரை காலணி அணிந்து போங்கள். வேலியில் உங்களுக்கு முன்பே கட்டுவிரியன் வந்திருக்கலாம்.

கரும்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்டு முடிந்ததும் சோகையைக் கொளுத்தினால் அதற்குள் பதுங்கியிருக்கும் ஓணானும் குஞ்சும் தப்ப வழியில்லை. சோகையை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பரப்பி மூடாக்கு போடுங்கள். மறுதாம்புக் கரும்புக்கு ஈரமும் நிற்கும், களையும் அடங்கும். கொளுத்தித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் ஒரு பக்கமாகத் தீ வைத்து, மறுபக்கம் ஓட இடம் விடுங்கள். நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள்.

ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா?

வீட்டில் தாடி ஓணான் வந்துவிட்டது என்றால் சுருக்கமாகச் சில. எப்போதோ ஒரு தடவை தாடி கறுத்தால் கவலை இல்லை. நாள் முழுக்கக் கறுத்தே இருந்தால் பயம், வலி, அல்லது இடம் பிடிக்கவில்லை. கண்ணாடியைக் கீறிக்கொண்டே இருந்தால் தன் நிழலையே எதிரி என்று நினைக்கிறது, அல்லது தொட்டி சிறியது. காலும் விரலும் நடுங்கினால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. புற ஊதா விளக்கு இல்லாமல் வளர்ப்பவர்களிடம் இது சாதாரணம். வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டால் நெஞ்சில் சளி. வறண்ட நாட்டுப் பிராணிக்கு நம் ஐப்பசி, கார்த்திகை ஈரம் ஆகாது. தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்திரேலியா தன் நாட்டு ஊர்வனவற்றை வியாபாரத்துக்கு ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. விற்பனைக்கு வருபவை வேறு நாடுகளில் பெருக்கியவை. வாங்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் விதிமுறையைக் கேட்டுக்கொள்வது நல்லது. சலித்துப்போனது என்று வாய்க்கால் கரையில் கொண்டுபோய் விடாதீர்கள். வேலியில் போகும் ஓணானை வேட்டியில் விட்டுக்கொண்ட கதை நமக்குத் தெரியும். இது வேட்டியில் இருப்பதை வேலியில் விடுகிற கதை. நோயும் சேர்ந்தே போகும்.

வரப்பு வெட்டும் முன்

ஆடி, ஆவணியில் சம்பாவுக்கு வரப்பு வெட்டி அண்டை கட்டும் வேலை தொடங்கும். பெண் ஓணான் முட்டை வைப்பதும் அந்தக் காலத்தில்தான் மும்முரம். வயிறு உப்பிய பெண் மரத்தை விட்டு இறங்கி வரப்பில் சுற்றினால் கவனியுங்கள். ஈரப்பதமான, கெட்டிப்படாத மண்ணாகப் பார்த்து முன்னங்காலால் குழி பறிக்கும். ஒரு தடவை பறித்துப் பிடிக்காமல் விட்டு, வேறிடம் போவதும் உண்டு. பத்து முதல் இருபது முட்டை வரை வைக்கும். பிறகு மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் அழுத்தித் தட்டிவிட்டுப் போய்விடும். திரும்பி வராது. சூட்டைப் பொறுத்து ஒன்றரை மாதம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும் குஞ்சு வெளியே வர. அதாவது சம்பா நாற்றில் சிறு பூச்சிகள் வரும் நேரத்துக்கு, எறும்பும் சிறு தத்துப்பூச்சியும் தின்னும் குஞ்சுகள் வரப்பில் இறங்கும்.

மண்வெட்டியில் முட்டை தட்டுப்பட்டால் பதற வேண்டாம். வெள்ளையாக, தோல் போன்ற ஓட்டோடு, சுண்டுவிரல் நகம் அளவில் இருந்தால் ஓணான் முட்டை. அதைவிடப் பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருந்தால் பாம்பு முட்டையாக இருக்கலாம்; கை வைக்காமல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அந்த இடத்தை விட்டு வெட்டுங்கள். ஓணான் முட்டை என்றால் கரண்டியில் எடுத்து, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி, பக்கத்து வரப்பில் தண்ணீர் தேங்காத இடத்தில் நான்கு விரல் ஆழத்தில் வையுங்கள். புரட்டக் கூடாது. ஈர மண்ணைப் பொலபொலவென்று போட்டு மூடி, மேலே ஒரு குச்சி நட்டுவிடுங்கள். மறுநாள் வெட்ட வரும் ஆளுக்கு இடம் தெரிய வேண்டும்.